வயதைக் கேட்கும் முன் உறவைக் கேளுங்கள்

திறந்த விண்மீன் கொத்துகளை ஆராயப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, இந்தத் துறையில் தலை நரைத்தவன் சொல்வது:

1. வந்ததும் கொத்தின் வயதைக் கணிக்கக் கிளம்பாதீர்கள். வயது, தூரம், உலோகச் செறிவு எல்லாமே 'உறுப்பினர் யார் யார்' என்ற பட்டியலை நம்பித்தான் நிற்கின்றன. பட்டியலுக்கே ஒரு மாதம் போனாலும் போகட்டும்.

2. கூட்டமாகத் தெரிவதெல்லாம் கொத்து இல்லை. ரோகிணி விண்மீன் ஹையாடிஸ் கொத்தின் ஆள் போலவே தெரியும். அதன் தூரம் 65 ஒளியாண்டு. கொத்து இருப்பதோ சுமார் 150 ஒளியாண்டில். மெஸ்ஸியர் பட்டியலில் 73-ஆவதாக உள்ள நான்கு விண்மீன்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை என்று 2002-இல் இயக்கத்தை வைத்தே காட்டிவிட்டார்கள்.

3. கார்த்திகையில் கை பழகுங்கள். 2022 ஜூனில் வந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவுத் தொகுப்பிலிருந்து, கார்த்திகையைச் சுற்றி இரண்டு டிகிரி ஆரத்துக்குள் உள்ள விண்மீன்களை இறக்கிக்கொள்ளுங்கள். தனி இயக்கத்தைப் புள்ளிகளாகக் குறியுங்கள்: கிழக்கு நோக்கியது கிடை அச்சில், வடக்கு நோக்கியது செங்குத்தில். பின்னணி விண்மீன்கள் சுழியைச் சுற்றி மொய்க்கும். அங்கிருந்து விலகி, 20, −45 என்ற இடத்தில் ஒரு சிறு திரள் தனியாக நிற்கும் (ஆண்டுக்கு மில்லி ஆர்க் செகண்ட் கணக்கில்). அதுதான் கார்த்திகை. அந்தத் திரளின் இடமாறு தோற்றம் 7.4 மில்லி ஆர்க் செகண்ட் அருகே குவியும். தூரம் சுமார் 135 பார்செக். கணக்குப் போட்டால் வானத்துக்குக் குறுக்கே நொடிக்கு 32 கிலோமீட்டர் போகிறது. ஆனால் உள்ளே விண்மீன்கள் ஒன்றுக்கொன்று விலகும் வேகம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. திரள் அவ்வளவு இறுக்கமாகத் தெரிவது அதனால்தான்.

4. வல ஏற்றத் திசையின் இயக்கத்தில் நடுவரை விலக்கத்தின் கொசைனை கையாவே பெருக்கித்தான் தருகிறது. மறுபடி பெருக்காதீர்கள்.

5. அளவீட்டுத் தரத்தைச் சொல்லும் 'ரூவே' எண் 1.4-ஐத் தாண்டினால் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டலாம். ஆனால் அதில் இரட்டை விண்மீன்களும் போய்விடும். வெட்டிய கையோடு, 'இந்தக் கொத்தில் இரட்டைகள் குறைவு' என்று கட்டுரை எழுதாதீர்கள். நானே படித்துத் திருப்பி அனுப்ப நேரிடும்.

6. தூரத்துக் கொத்துகளில் ஒவ்வொரு விண்மீனின் இடமாறு தோற்றத்தையும் தலைகீழாக்கிச் சராசரி எடுப்பது தவறு. முதலில் சராசரி, பிறகு தூரம். கருவியின் சிறு பிழையையும் திருத்திக்கொள்ளுங்கள். ஹிப்பார்க்கோஸ் விண்கலம் கார்த்திகையைச் சுமார் 120 பார்செக்கில் வைத்துவிட்டு, வருடக்கணக்கில் சண்டை மூட்டியது தெரியும்தானே?

7. வட்டம் போட்டு, அதற்கு வெளியே இருப்பவை அந்நியம் என்று முடிவு கட்டாதீர்கள். ஹையாடிஸிலிருந்து கசிந்த விண்மீன்கள் முன்னும் பின்னும் வாலாக நீண்டிருப்பது 2019-இல் கையா தரவில்தான் புலப்பட்டது. இவ்வளவு அருகிலுள்ள கொத்தில் ஒரே வேகத்தில் போகும் விண்மீன்கள்கூட வானத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதுபோல் தெரியும். லூயிஸ் பாஸ் 1908-இல் இதை வைத்தே தூரத்தைக் கணித்தார். அதனால் இங்கே தனி இயக்கத் திரள் போதாது. ஆர வேகத்தையும் சேர்த்து முப்பரிமாண வேகத்தில் ஒப்பிட வேண்டும்.

8. கார்த்திகை கைவந்தபின் மெஸ்ஸியர் 67-க்குப் போங்கள். வயது சுமார் 400 கோடி ஆண்டு. காவலூர் வானாய்வகத்தில் ஏறக்குறைய உச்சியிலேயே கடக்கும். பிப்ரவரி, மார்ச் இரவுகள் அதற்குத் தோது. நிற-ஒளியளவு வரைபடத்தில், முதன்மை வரிசையின் வளைவுக்கு மேலே, அந்த வயதில் இருக்கவே கூடாத நீல விண்மீன்கள் சில தெரியும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். தனி இயக்கம் பொருந்துகிறதா என்று பாருங்கள், பலவும் பொருந்தும். துணையிடமிருந்து வாயுவை உறிஞ்சியோ, இரண்டு ஒன்றாகியோ இளமை திரும்பியவை அவை. அவற்றின் நிறமாலைக்குத் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.