உப்புத்தாள் பட்டை இயந்திரம்: கோளாறுகளும் பரிகாரங்களும்

தறியின் நாடாவும் படமரமும், மண்வெட்டிக் கணையும் ஏர்க்காலும் தச்சுப் பட்டறையிலிருந்தே நம்மிடம் வருகின்றன. கையால் உப்புத்தாள் தேய்த்துவந்த பட்டறைகள் பலவற்றில் இன்று மின்சாரப் பட்டை இயந்திரம் ஓடுகிறது. ‘பெல்ட் சாண்டர்’ என்று தச்சர்கள் வழங்குவது இதுவே. நாடாவில் மயிரிழைச் சிராய் நின்றாலும் பாவு இழை அறும். அறுந்த இழையை முடியும் நேரத்துக்கு நெசவாளருக்குக் கூலி கிடையாது. ஆகவே வத்தலக்குண்டு, சின்னாளபட்டிப் பக்கத்து அங்கத்தினர்களும் இவ்வியந்திரத்தின் குணங்களை அறிந்திருத்தல் நலம்.

அடிக்கடி காணும் கோளாறு, பட்டை ஒருபுறமாக ஒதுங்கி ஓடுவது. அரவை மில்லின் கப்பியைக் கவனித்தவர்கள் அதன் நடுப்பாகம் சற்றே மேடாயிருப்பதைக் கண்டிருப்பர். சுழலும் பட்டை மேட்டை நாடி ஏறும் இயல்புடையது. மேடு நடுவில் இருப்பின் பட்டையும் நடுவிலே நிற்கும். இந்த இயந்திரத்தின் உருளையும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்தது. அதன்மேல் தூளும் பிசினும் ஓரிடத்தில் அப்பிக்கொண்டால் மேடு இடம் மாறிவிடுகிறது. பலர் உடனே திருகாணியில் கை வைக்கின்றனர், இது சரியன்று. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து உருளைகளைத் துடைத்தல் வேண்டும். பின்னர் புதுப்பட்டை ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். அது நேராக ஓடினால் குற்றம் பழைய பட்டையுடையது. ஒரு விளிம்பு நீண்டுவிட்டதென்று கொள்க. அதுவும் ஒதுங்கினால் மட்டுமே திருகாணியைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டை வழுக்கினால் இழுவிசை போதாது, அல்லது வேலை செய்பவர் மரத்தை மிகையாக அழுத்துகிறார். மரம் கருகுவதற்கும் அழுத்தமே பாதிக் காரணம். மழுங்கிய பட்டை மறுபாதி. பச்சை மரமும் பிசினுள்ள மரமும் பட்டையின் மணல் இடுக்குகளை அடைத்துவிடும். இதற்கெனக் கடையில் ரப்பர்க் கட்டி விற்கிறார்கள். தேய்ந்துபோன க்ரேப் ரப்பர்ச் செருப்பின் அடியும் அவ்வேலையை நன்றாகவே செய்கிறது. ஓடும் பட்டையில் அதை மெல்லப் பிடித்தால் அடைப்பு உருண்டு வரும்.

60-ஆம் எண் பட்டையிலிருந்து நேரே 180-க்குத் தாவுவது வீண். முந்தைய கீறல் மறையாது, பட்டையும் பாழ். இடையே 80-உம் 120-உம் வரவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் பட்டை சுருளும், ஒட்டு விடும். சுவரிலும் தரையிலும் படாமல் தொங்கவிடுக. பட்டையின் உட்புறம் அம்புக்குறி இருப்பின், அத்திசையிலேயே ஓட்டுக. வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்திவைப்பது நல்ல பழக்கம்.

தூளைப்பற்றி அலட்சியம் ஆகாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வது போதாது. அதன் நுனி உருளையில் சிக்கினால் ஆபத்தும் கூட. முகத்தில் படிந்து நிற்கும் மூடியும், தூளுறிஞ்சும் குழாயும் தேவை.

சிலர் இதிலேயே அரிவாளையும் தீட்டிக்கொள்கின்றனர். இரும்புப் பொறி தூள்பையில் விழுந்தால் உடனே எரியாது. உள்ளே கனன்றுகொண்டிருந்து, பட்டறையைப் பூட்டிச் சென்ற பின்னர் தீப்பிடிக்கும். இரும்பு வேலைக்கு வேறு இயந்திரம் இல்லையெனில், தூள்பையைக் கழற்றி, மரத்தூளை அடியோடு துடைத்த பின்னரே அரிவாளை எடுக்க வேண்டும்.