ஆடாத படம்: கூடுதல் விலை கொடுக்கலாமா?

சரக்குக் கொள்முதலில் எடை, தரம், விலை மூன்றையும் பார்க்காமல் நாம் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ஆனால் கடைக்கென்று ஒரு கேமராவோ செல்போனோ வாங்கப் போனால், விற்பவர் சொல்லும் சிறப்புகளுக்கெல்லாம் தலையாட்டி விடுகிறோம். விலைப்பட்டியலுக்கும் வாட்ஸ்அப் ஆர்டருக்கும் படம் எடுப்பது இன்று வியாபாரத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. எனவே 'நடுக்கத் தடுப்பு' என்ற வசதிக்குக் கூடுதல் விலை தகுமா என்று இந்த இதழில் பார்ப்போம். கேனான் லென்சில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர்., டாம்ரானில் வி.சி., செல்போனில் ஓ.ஐ.எஸ். என்று குறித்திருப்பது இதைத்தான்.

அது செய்யும் வேலை என்ன?

படம் எடுக்கும்போது ஷட்டர் ஒரு சிறு நேரம் திறந்து மூடுகிறது. அதற்குள் கை அசைந்தால் படம் கலங்கும். வெயிலில் அந்த நேரம் மிகக் குறைவு. கை அசைவு தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் நேரம் நீளும், கலக்கமும் கூடும். தூரத்தை இழுத்துக் காட்டும் லென்சில் அசைவு இன்னும் பெரிதாகத் தெரியும். 300 மி.மீ. லென்ஸ் என்றால் 1/300 வினாடிக்கு மேல் கை தாங்காது என்பது படம் எடுப்பவர்களின் பழைய கணக்கு.

நடுக்கத் தடுப்பு உள்ள லென்சில், கை எந்தப் பக்கம் அசைகிறது என்பதைச் சிறு உணரிகள் கண்டு சொல்கின்றன. உடனே உள்ளிருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகர்ந்து அசைவை ஈடுகட்டுகிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் கழற்றி மாட்டும் லென்சுகளில் இந்த வசதியோடு முதலில் வந்தது, 1995-ல் கேனான் வெளியிட்ட 75-300 மி.மீ. லென்ஸ். அதன் பலன் இரண்டு 'ஸ்டாப்'. ஒரு ஸ்டாப் என்றால் நேரம் இரு மடங்கு. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு. அதாவது 1/300 வினாடி கேட்ட இடத்தில் 1/75 வினாடி போதும். பின்னால் வந்த லென்சுகளில் இந்தப் பலன் மேலும் கூடியிருக்கிறது.

எங்கே உதவாது?

இது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே தடுக்கும். மூட்டை தூக்கி நடப்பவரையோ, திறப்பு விழாவில் ஓடும் குழந்தையையோ நிறுத்தி வைக்காது. அதற்கு நல்ல வெளிச்சமோ பிளாஷோ வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி எடுப்பவருக்கும் இதனால் ஆதாயமில்லை.

வாங்கு முன் ஒரு சோதனை செய்வோம். நம்மிடமுள்ள பழுதான படங்களில் பத்தை எடுத்துப் பார்ப்போம். சுவர், அலமாரி, சரக்கு எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் குற்றம் கையினுடையது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தவர் அவர். முன்னாலிருக்கும் டின் மங்கி, பின்னாலிருக்கும் டின் தெளிவாக இருந்தால் அது போகஸ் பிழை. முதல் வகை அதிகமிருந்தால் மட்டுமே கூடுதல் விலைக்குப் பொருளுண்டு.

எங்கே உதவும்?

கிடங்கில் மழைநீர் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் இல்லை. முழங்கால் நீரில் நின்று, நனைந்த அரிசி மூட்டைகளையும் அவற்றின் லாட் எண்களையும் இன்சூரன்ஸ் சர்வேயருக்காகப் படம் எடுக்கிறோம். ஸ்டாண்டு வைக்க இடமில்லை; நாளை வந்து எடுக்கலாமென்றால் சரக்கு அப்படியே இருக்காது. எண் படிக்க முடியாத படம் நமக்குச் சாட்சியாகாது. நிற்கும் பொருள், குறைந்த வெளிச்சம், கையில் கேமரா: இந்த மூன்றும் சேர்ந்த இடமே இந்த வசதிக்கு உரிய இடம்.

செல்போன் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும். ஓ.ஐ.எஸ். என்பது உள்ளே உறுப்பு நகர்ந்து ஈடுகட்டுவது. இ.ஐ.எஸ். என்பது வீடியோவின் ஓரங்களை வெட்டி ஆட்டத்தைக் குறைப்பது. ஒற்றைப் படத்தின் கலக்கத்தை அது நீக்காது. ஒன்றைக் காட்டி மற்றொன்றின் விலையை வாங்க இடம் தரலாகாது.

செலவில்லாத வழிகளும் உண்டு. முழங்கையை மூட்டை அடுக்கின் மேல் ஊன்றலாம். தூணில் தோளைச் சாய்க்கலாம். பொத்தானை அழுத்தும் அசைவு படாதிருக்க இரண்டு வினாடி டைமர் வைக்கலாம். ஒரே காட்சியை நான்கு முறை எடுத்தால் ஒன்றாவது தேறும்.

ஆகவே, கடை வாசலிலும் மேசை மீதும் மட்டும் படம் எடுப்பவர் அந்தப் பணத்தை ஒரு நல்ல விளக்கிலும் ஸ்டாண்டிலும் போடுவது லாபம். கிடங்கு, லாரி, ஏல மண்டி என்று கையில் பிடித்தே எடுப்பவருக்குக் கூடுதல் விலை வீண் செலவாகாது. தேவையறிந்து வாங்குவோம்; முதலைக் காப்போம்.