மொத்தமாகவா, மாதாமாதமா?

சிரஞ்சீவி குமரனுக்குப் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

மளிகைக் கடைக்காரர்களுக்கும் ஜவுளிக் கடைக்காரர்களுக்கும் கம்ப்யூட்டரில் பில் போடுவதையும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வதையும் எளிய தமிழில் வீடியோ மூலம் சொல்லிக்கொடுத்து வரும் உன் முயற்சி, அவர்களுக்கு வேண்டிய மென்பொருளை விற்கும் கம்பெனியே உன்னைத் தேடி வரும் அளவுக்கு வளர்ந்திருப்பதில் எனக்குப் பெருமை. உன் லிங்க் வழியாக வந்து சந்தா கட்டும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் 1,500 ரூபாயை ஒரே தடவையில் வாங்கிக்கொள்வதா, அல்லது அவர் கட்டும் மாதச் சந்தா 500 ரூபாயில் நூற்றுக்கு 20 வீதம், அதாவது 100 ரூபாயை, அவர் சந்தாதாரராக இருக்கும் வரையில் மாதாமாதம் பெற்று வருவதா என்று கேட்டிருக்கிறாய். பதினைந்து மாதத்தில் 1,500 வந்துவிடும், பதினாறாம் மாதத்திலிருந்து வருவதெல்லாம் லாபம்தானே என்று உன் நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தப் பதினைந்து மாதக் கணக்கு எனக்குச் சம்மதமில்லை.

ஏனென்றால், இன்று சந்தா கட்டிய நூறு பேரும் பதினைந்தாம் மாதத்திலும் அப்படியே இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. கடையை மூடிவிடுபவர் உண்டு. பழைய ரசீதுப் புத்தகமே போதும் என்று திரும்பிவிடுபவர் உண்டு. பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்று வேறு கம்பெனிக்கு மாறுபவர் உண்டு. மாதந்தோறும் நூற்றுக்கு ஐந்து பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள். ஒரு வருஷம் கழித்து உன் நூறு பேரில் ஏறக்குறைய 54 பேர்தான் மிஞ்சுவார்கள். ஆளுக்கு 100 ரூபாய் என்று வந்துகொண்டிருந்த பணமும் அதே விகிதத்தில் கரைந்துகொண்டே போகும். ஆகையால் மொத்தத் தொகைக்கு ஈடாக மாதப் பங்கு சேர்வதற்குப் பதினைந்து மாதம் போதாது, சுமார் 27 மாதம் ஆகும். அதற்கப்பால் எத்தனை வருஷம் காத்திருந்தாலும் ஓர் ஆளுக்குச் சராசரியாக 2,000 ரூபாய்க்கு மேல் உனக்கு வரப்போவதில்லை. விலகுவோர் நூற்றுக்குப் பத்துப் பேரானால், அந்த எல்லை 1,000 ரூபாயிலேயே நின்றுவிடும். அதாவது 1,500 ரூபாயை நீ எந்தக் காலத்திலும் எட்டப்போவதே இல்லை. மாதத்துக்கு இரண்டு பேர்தான் விலகுகிறார்கள் என்றால் அதுவே 5,000 வரையில் போகும். எனவே, மொத்தமா மாதமா என்ற கேள்வியின் விடை உன்னிடத்திலோ என்னிடத்திலோ இல்லை. மாதத்துக்கு எத்தனை பேர் விலகுகிறார்கள் என்ற அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. கம்பெனிக்கு அது நன்றாகத் தெரியும். அதைக் கேட்டு வாங்கு. சொல்ல மறுத்தால், அந்த மறுப்பையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் வாரத்துக்கு விடுவதும் என இரண்டு வழக்கங்கள் இருந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். பட்டணத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு அறுவடைக்கு வர முடியாதவர்கள், விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை கலம் என்று குத்தகை பேசிக்கொண்டார்கள். ஊரிலேயே இருந்து, களத்துமேட்டில் நெல்லைத் தூற்றி மரக்காலால் அளக்கும்போது பக்கத்தில் நிற்கக் கூடியவர்கள்தாம் வாரத்துக்கு விட்டார்கள். வாரம் என்பது விளைச்சலில் பங்கு மட்டுமன்று, அளவைப் பார்க்கும் பாத்தியதையும் அதோடு சேர்ந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உன் விஷயத்தில் மரக்கால் கம்பெனியின் கையில் இருக்கிறது. உன் மூலம் வந்தவர் யார், அவர் இந்த மாதம் சந்தா கட்டினாரா, எந்தத் தேதியில் நின்றார் என்பதையெல்லாம் ஆள்வாரியாக நீ பார்க்கும்படி அவர்கள் டேஷ்போர்டைத் திறந்து வைப்பார்களானால் மாதப் பங்கைப் பற்றி யோசிக்கலாம். மாதக் கடைசியில் மொத்தமாக ஓர் எண்ணை மட்டும் காட்டுவார்களானால் நீ பங்குக்காரன் அல்லன். அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்பவன்.

பங்கு வீதம் நிலைத்து நிற்கும் என்பதும் நிச்சயமில்லை. இப்படி லிங்க் மூலம் கமிஷன் கொடுக்கும் ஏற்பாட்டை 1996-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்ட அமேசான், 2020 ஏப்ரலில், உலகமே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நேரத்தில், அமெரிக்காவில் மரச்சாமான்களுக்கு நூற்றுக்கு 8 ஆக இருந்த கமிஷனை 3 ஆகவும், மளிகைப் பொருள்களுக்கு 5 ஆக இருந்ததை 1 ஆகவும் குறைத்தது. அதற்கு அவர்கள் கொடுத்த முன்னறிவிப்பு ஏறக்குறைய ஒரு வாரம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தது. அந்த ஒரே வருவாயை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களின் பாடு என்னவாயிற்று என்று யோசித்துப் பார். உன் ஒப்பந்தத்திலும் ‘கம்பெனி தன் விருப்பம்போல் விகிதத்தை மாற்றலாம்’ என்றோ, ‘ஆறு மாதம் புதிய ஆளைச் சேர்க்காதவர் கணக்கு ரத்தாகும்’ என்றோ ஒரு ஷரத்து எங்கேனும் ஒளிந்திருக்கும். விகிதத்தை மாற்றினாலும் அது புதிதாக வருபவர்களுக்கு மட்டுமே பொருந்த வேண்டும், ஏற்கெனவே நீ சேர்த்துவிட்டவர்களுக்குப் பழைய விகிதமே தொடர வேண்டும் என்ற வாசகத்தை எழுத்தில் கேள். அது கிடைக்காவிட்டால் ‘ஆயுள் முழுவதும்’ என்ற அவர்களுடைய வாக்குறுதிக்கு மதிப்புக் கிடையாது.

இத்தனை சொல்வதால் நான் மாதப் பங்குக்கு விரோதி என்று எண்ணிவிடாதே. ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர்களுக்கான ராயல்டிக் கணக்கை எழுதியே என் உத்தியோக காலம் கழிந்தது என்பது உனக்குத் தெரியும். மார்ச் மாதக் கடைசியில் கிடங்குக்குப் போய்க் கட்டுக் கட்டாக எண்ணி, அச்சிட்டதிலிருந்து இருப்பைக் கழித்து, விற்ற பிரதிகளுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கணக்கிடுவோம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், குழந்தைகளுக்கான மனக்கணக்குப் புத்தகம் ஒன்று எழுதியவர், ஏப்ரலில் தவறாமல் வந்து, என் மேஜைக்கு எதிரே அமர்ந்து, பேரேட்டை வாங்கித் தம் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசோலையை வாங்குவார். அவருக்கு நான் கொடுத்த காசோலை எதுவும் பெரிய தொகையன்று. ஆனால் அவர் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. அதே அலமாரியில் இருந்த ஒரு நாவலின் கணக்கோ முதல் பதிப்போடு முடிந்துபோயிற்று. அதை எழுதியவர் மட்டும் மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசியிருந்தால் அவருக்கு அதிகமே கிடைத்திருக்கும். எந்தப் புத்தகம் வாழும் என்பதைப் பதிப்பாளராலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. ஆனால், பாடம் மாற மாற அந்த வாத்தியார் தம் புத்தகத்தையும் திருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அந்தக் காசோலை தானாக வந்ததன்று.

உறங்கும்போதும் பணம் வரும் என்கிறார்களே, அதை நான் நம்பவில்லை. சந்தாதாரர் தொடர்ந்து இருக்க வேண்டுமானால், ஜிஎஸ்டி விதி மாறும்போதெல்லாம் நீ புது வீடியோ போட வேண்டும்; ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கடைக்காரர் பில் வரவில்லை என்று கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். அந்த உழைப்புக்கு நீ சித்தமாக இருந்தால் மாதப் பங்கில் வேறொரு நன்மையும் இருக்கிறது. அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மொத்தத் தொகை வாங்குகிறவனுக்குக் கடைக்காரர் சந்தா கட்டிய அந்த நிமிஷத்தோடு அவரிடம் உள்ள சம்பந்தம் தீர்ந்துவிடுகிறது. அவருக்கு அந்த மென்பொருள் பொருந்துமா பொருந்தாதா என்பது அவன் வருமானத்தைப் பாதிப்பதில்லை. நாலு சரக்கு விற்கும் பெட்டிக்கடைக்காரர் தலையிலும் அதைக் கட்டிவிடலாமே என்ற சபலம் நல்லவனையும் தொடும். மாதப் பங்கு வாங்குகிறவனுக்கோ, பொருந்தாதவரைச் சேர்த்தால் மறுமாதமே அவர் விலகிவிடுவார். ஆகையால், ‘ஐயா, உங்கள் கடைக்கு இது வேண்டாம்’ என்று சொல்லும் நாணயம் அவனுக்கு நஷ்டமாக முடிவதில்லை. உன் பேச்சை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள், குமரா. உன் லாபமும் அவர்கள் லாபமும் ஒரே திசையில் போகும் ஏற்பாட்டையே நான் உனக்கு விரும்புவேன்.

ஆயினும் இன்றைய உன் நிலைமையை மறந்து புத்தி சொல்வது நியாயமாகாது. தங்கையின் கல்யாணத்துக்காக அம்மாவின் நகைகள் அடகில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டு வருஷம் கழித்து வரக்கூடிய 500 ரூபாய்க்காக இன்று வரும் 1,500 ரூபாயை வேண்டாமென்பது விவேகமன்று. ஆகவே நகை மீட்கும் வரையில் மொத்தத் தொகையையே வாங்கு. அதன் பிறகு சேர்பவர்களுக்கு மாதப் பங்குக்கு மாறிக்கொள்ள அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டு, அதை ஒப்பந்தத்தில் எழுதச் செய். இடையில் வரும் சில மாதங்களில், உன் மூலம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை நீயே அவர்களிடம் விசாரித்து ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால், கம்பெனி சொல்லாத எண்ணும் உனக்குத் தெரிந்துவிடும்.

கடைசியில் இரண்டு வரியில் நீ எழுதியிருக்கும் மற்றொரு விஷயம்தான் என்னைக் கவலைக்கு உள்ளாக்கியது. இதுவரை நீ தயாரித்த பாடங்கள் அனைத்தையும் ஒரு பயிற்சி நிறுவனம் மொத்தமாக விலைக்குக் கேட்கிறது என்றும், நல்ல தொகை என்றும் சொல்கிறாய். இங்கே என் அபிப்பிராயம் நேர்மாறானது. மென்பொருள் பிறர் பொருள். அதை விற்றுக் கொடுத்ததற்குக் கூலி எப்படி வந்தாலும் உன் சொத்துக் குறைவதில்லை. பாடங்கள் நீ உண்டாக்கியவை. அவற்றைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் உன்னிடம் வருகிறார்கள். யூடியூப் தன் வீடியோ விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 வீதம் உனக்குக் கொடுப்பதும் அவற்றின்பேரில்தான். அவற்றை விற்றுவிட்டால் உன் வாசலே அடுத்தவன் பெயருக்குப் போய்விடும்.

பணம் அவசியமானால், உரிமையை விற்காமல் குறித்த காலத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் கொடு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். அதனால்தான் வாங்குகிறவர்களுடைய பத்திரங்களில் ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற வார்த்தைகள் தவறாமல் இருக்கும். சினிமாப் பாட்டெழுதியவர்களும் இசையமைத்தவர்களும் இப்படிப்பட்ட பத்திரங்களில் கையெழுத்திட்டு, தங்கள் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கக் கண்டும் அதில் பங்கின்றி இருந்த நிலையை மாற்றத்தான், அவர்கள் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாதபடி ராயல்டியில் ஒரு பாதுகாப்பை 2012-இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தில் சேர்த்தது. உன் வீடியோப் பாடங்களுக்கு அந்தப் பாதுகாப்பை நம்பிக் கையெழுத்திடாதே. நீயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நிறுவனம் அனுப்பியிருக்கும் பத்திரத்தின் நகலையும், மென்பொருள் கம்பெனியின் ஒப்பந்தத்தையும் எனக்கு உடனே தபாலில் அனுப்பு. வாட்ஸப்பில் அனுப்பினால் எழுத்துச் சிறிதாக இருக்கிறது. நம் பக்கத்து வீட்டு வக்கீலிடமும் காட்டிவிட்டு ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுகிறேன். அதுவரையில் எதிலும் கையெழுத்திட வேண்டாம். அம்மாவிடம் என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா