‘மூடியிருக்கணும்’ – இதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?



காடாம்புலியூர் ஸ்டாப்பிங்கில் வடலூர் பஸ்ஸுக்கு நிற்கிறோம். பஸ்ஸைக் காணோம். “போயிருக்கலாம்” என்கிறார் ஒருவர். “போயிருக்கும்ப்பா” என்கிறார் டீக்கடைக்காரர். “மணி ஒன்பதாச்சே, போயிருக்கணும்” என்கிறார் மூன்றாமவர். மூன்றும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ரிப்போர்ட்டில் இங்கிலீஷில் எழுதச் சொன்னால் மூன்றுக்கும் ‘மே’ போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்!

முதலாவது ‘மே ஹேவ் கான்’. சந்தேகம் கூடினால் ‘மைட் ஹேவ் கான்’. இரண்டாவது ‘ஹேஸ் ப்ராபப்ளி கான்’. மூன்றாவது ‘மஸ்ட் ஹேவ் கான்’. இதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். இங்கே ஆதாரம் கடிகாரம்.

வம்பு மூன்றாவதில்தான் இருக்கிறது. “ஆபரேட்டர் வால்வை மூடியிருக்கணும்” என்றால் தமிழில் இரண்டு பொருள். மூடியிருப்பார், சந்தேகமில்லை என்பது ஒன்று. மூட வேண்டியது அவர் வேலை, மூடவில்லை என்பது மற்றொன்று. பேசும்போது குரலே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் குரல் ஏது? முதல் பொருளுக்கு ‘மஸ்ட் ஹேவ் க்ளோஸ்ட்’, இரண்டாவதற்கு ‘ஷுட் ஹேவ் க்ளோஸ்ட்’. நாம் நல்லெண்ணத்தில் ‘ஷுட் ஹேவ்’ என்று எழுதிவிட்டால், படிக்கிற அதிகாரிக்கு ஆபரேட்டர் தப்பு செய்தார் என்றுதான் அர்த்தம். மெமோ அவருக்குப் போகும்.

2020 மே 7, ஜூலை 1 ஆகிய இரு நாட்களிலும் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் விபத்து நடந்து உயிர்கள் போயின. அப்படி ஒன்று நடந்தால் லாக் புக்கில் ஒவ்வொரு வரியையும் தோண்டிப் படிப்பார்கள். நாளை அந்த வரியை எழுதப் போவது நாம்தானே?

இனி காரணம். ‘ட்யூ டு’ போட்டால் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும். ‘ட்யூ டு வாட்டர் என்டர்ட்’ தப்பு. ‘பிகாஸ் வாட்டர் என்டர்ட்’ சரி, ‘ட்யூ டு என்ட்ரி ஆஃப் வாட்டர்’ என்பதும் சரி. லிக்னைட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அது அதன் குணம், ‘கேன் கேட்ச் ஃபயர்’ என்று எழுதலாம். ஆனால் நேற்று ராத்திரி குவியலில் பிடித்த தீக்கும் அதுதான் காரணமா? யாரோ போட்ட பீடியாகவும் இருக்கலாம். அங்கே ‘ப்ராபப்ளி ட்யூ டு செல்ஃப் ஹீட்டிங்’ வரைதான் போகலாம்.

தெரிந்த விஷயத்தில் பயப்படவும் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் பக்கத்து முந்திரியைச் சாய்த்ததை ‘மே ஹேவ் அப்ரூட்டட்’ என்று எழுதினால் முந்திரிக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்!

‘மோட்டார் ஹேஸ் சான்ஸ் டு பர்ன்’ என்று எழுதுகிறோமே, மோட்டாருக்கு யாரோ வாய்ப்புக் கொடுத்த மாதிரி! ‘இஸ் லைக்லி டு பர்ன் அவுட்’ என்பதே முறை. அந்த ‘லைக்லி’க்கும் எடை உண்டு. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தன் அறிக்கைகளில் 66 சதவீதத்துக்கு மேல் ‘லைக்லி’, 90-க்கு மேல் ‘வெரி லைக்லி’ என்று கணக்கே வைத்திருக்கிறது.

ஒரு பயிற்சி. பம்ப் நின்றது. பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. கிரீஸ் போட்டதாக ரிஜிஸ்டரில் இல்லை. என் விடை: ‘த பேரிங் ப்ராபப்ளி ஃபெயில்ட் ட்யூ டு லாக் ஆஃப் லூப்ரிகேஷன். நோ க்ரீஸிங் என்ட்ரி வாஸ் ஃபவுண்ட்.’ ஹெல்பர் கிரீஸ் போடவில்லை என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? என்ட்ரி இல்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.