விண்மீனா, வெறும் புள்ளியா?

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் இரவு. அர்ஜென்டினா நாட்டின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோ என்னும் பொழுதுபோக்கு வானியலர், தம் தொலைநோக்கியில் புதிய காமிரா ஒன்றைப் பொருத்திச் சோதித்துக் கொண்டிருந்தார். என்.ஜி.சி. 613 என்னும் விண்மீன் திரளை அடுத்தடுத்துப் படமெடுத்தார். முதற் படங்களில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி, பின்னர் எடுத்த படங்களில் தோன்றி வரவர ஒளி மிகுந்தது. ஒரு விண்மீன் சூப்பர்நோவாவாக வெடிக்கத் தொடங்கிய கணமே அது!

மாணவர்களே, நீங்கள் எடுத்த படத்திலும் இப்படி ஒரு புள்ளி தோன்றினால் அது விண்மீனா, காமிராவின் குறையா என்று எவ்வாறு அறிவீர்கள்? அதற்கு உதவுபவையே திருத்தப் படங்கள்.

மூன்று வகைக் குறைகள்

டிஜிட்டல் காமிராவின் உணரி, பிக்சல் என்னும் நுண்ணிய கட்டங்களால் ஆனது. ஒளி பட்டதும் சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. வெப்பமும் இதே வேலையைச் செய்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இந்த வெப்ப எலெக்ட்ரான்கள் இருமடங்காகும். சில பிக்சல்களில் இவை மிகுதி. அவையே போலி விண்மீன்களாகத் தெரியும். லென்ஸை மூடி, வான்படத்திற்குரிய அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ., அதே வெப்பநிலையில் எடுப்பது 'டார்க்' படம். இது வெப்பக்குறையைக் காட்டும்.

இரண்டாவதாக, காமிரா ஒவ்வொரு பிக்சலின் மதிப்புடனும் ஒரு மாறா எண்ணைக் கூட்டி வைக்கிறது. மூடிய லென்ஸுடன் மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கும் 'பயாஸ்' படத்தில் இதனைக் காணலாம்.

மூன்றாவதாக, லென்ஸ் வழியே ஓரங்களுக்குச் செல்லும் ஒளி குறைவு. தூசியும் நிழல் வீழ்த்தும். லென்ஸின்மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அந்தி வானை நோக்கி எடுக்கும் 'ஃபிளாட்' படம் இவற்றைப் பதிவு செய்யும்.

திருத்தும் முறை இதுவே:

திருத்திய படம் = (வான்படம் − டார்க்) ÷ (ஃபிளாட் − பயாஸ்)

டார்க் படத்தினுள் பயாஸும் அடங்கியிருப்பதால், வான்படத்திலிருந்து அதனைத் தனியே கழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வகையிலும் 16 படங்கள் எடுத்துச் சராசரி கண்டால், தாறுமாறான இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

ஒரு கணக்கு

படத்தின் நடுவில் வானொளி 400, மூலையில் 300 எனக் கொள்வோம். அதாவது மூலைக்கு வருவது முக்கால் பங்கு ஒளியே. பயாஸ் 200, வெப்பக்குறை மிகச் சிறிது எனக் கருதி விட்டுவிடுவோம். எனவே வான்படத்தில் நாம் காணும் எண்கள் 600, 500. முறைப்படி 200-ஐக் கழித்து, மூலையை 0.75-ஆல் வகுத்தால், 300 ÷ 0.75 = 400. நடுவும் மூலையும் சமம்! கழிக்க மறந்தால்? 500 ÷ 0.75 = 667. நடுவிலோ 600. இருண்டிருந்த மூலை இப்போது நடுவைவிட வெளிச்சமாகிவிட்டது!

குறையும் தீர்வும்

1. மூலைகள் நடுவைவிட வெளிச்சம்: வான்படத்திலிருந்து டார்க் படம் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

2. மூலைகள் இன்னும் சற்று இருட்டு: ஃபிளாட் படத்திலிருந்து பயாஸைக் கழித்தீர்களா? மங்கலான ஃபிளாட் படத்தில் இப்பிழை பெரிதாகத் தெரியும்.

3. எங்கும் கரும்புள்ளிகள்: டார்க் படம் வான்படத்தைவிட மிகுந்த வெப்பத்தில் எடுக்கப்பட்டிருக்கலாம். காமிராவே நீண்ட படங்களில் தானாக டார்க் கழிக்கும் வசதி இயங்கினாலும், இருமுறை கழித்ததாகிவிடும். அவ்வசதியை நிறுத்தி வையுங்கள்.

4. வெண்புள்ளிகள் மறையவில்லை: டார்க் படத்தின் நேரமோ வெப்பமோ குறைவு. முன்னிரவில் வான்படமும், குளிர்ந்த விடியலில் டார்க் படமும் எடுத்தால் இவ்வாறு நேரும்.

5. டார்க் படத்தில் ஒருபுறம் வெளிச்சம்: கண் வைத்துப் பார்க்கும் துளை வழியே ஒளி கசியலாம். அதனையும் கருந்துணியால் மூடுங்கள்.

6. தூசி வளையத்தின் அருகே வெண்வளையம்: ஃபிளாட் எடுக்குமுன் காமிரா கழற்றப்பட்டிருக்கலாம், குவியம் மாறியிருக்கலாம். தூசியின் நிழல் இடம் மாறிவிட்டது.

ஒன்று நினைவிருக்கட்டும். படங்களை 'ரா' கோப்பாகவே எடுக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒளிக்கும் எண்ணுக்கும் நேர்விகிதம் இராது. மேற்கண்ட கணக்குப் பொருந்தாது.

செய்து பாருங்கள்

காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, 5 நிமிட இடைவெளியில் வானை மூன்று முறை படமெடுங்கள். புவி சுழல்வதால் விண்மீன்கள் படத்தில் இடம் மாறியிருக்கும். மூன்றிலும் ஒரே பிக்சலில் ஒட்டிக்கொண்டு நிற்கும் புள்ளி காமிராவுடையது. துருவ விண்மீனுக்கு மிக அருகில் மட்டும் இச்சோதனை பயன்படாது. ஏன்? சிந்தியுங்கள்.