கூவாகம் போகிற கண்ணுக்கு

இந்தச் சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் போகிறாயாமே, கண்ணு. முப்பது சித்திரை அங்கே படம் எடுத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதல் நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதே. நான் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எடுக்கத் தொடங்கியவன். இரவு கூத்தாண்டவர் கோயிலில் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர், மறுநாள் அவன் பலியானதற்குத் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைத்தார்கள். நீள லென்ஸ் மாட்டி, தூரத்திலிருந்து ஓர் அக்காவின் அழுகையைத் திருடினேன். படம் பத்திரிகையில் வந்தது. அவர் பிறந்த வீட்டார் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்த அக்கா என்னைத் தேடி வந்து சொன்னார்: "அரவானுக்காக அழுதேன் தம்பி. உன் படத்தைப் பார்த்தவங்க, நான் இப்படிப் பொறந்ததுக்காக அழுறேன்னு நினைச்சுட்டாங்க." இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

2. உன் கையிலிருக்கும் பெட்டியின் பூர்வீகத்தைப் படி. 1868 முதல் 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' எட்டுத் தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. படத்துக்குப் படம் ஒரு குலப்பெயர், கூடவே அந்தக் குலத்தின் குணம் பற்றி ஒரு தீர்ப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் ஆட்களை நிறுத்தி மூக்கை அளந்தார். 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி வடக்கே ஹிஜ்ராக்களை, அதாவது அங்குள்ள திருநங்கையரை, பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண்ணுடையில் தெருவில் வந்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்ய முடிந்தது. ஒருவரைச் சுவரோரம் நிறுத்தி, "நேரா பாருங்க, இப்ப பக்கவாட்டில் திரும்புங்க" என்று சொல்ல உனக்கு வாய் வரும். அது யாருடைய குரல் என்று அங்கேயே நின்று யோசி. எனக்குப் புரியப் பதினைந்து ஆண்டு ஆயிற்று.

3. நீ படம் எடுக்கிறவர் தன்னை எந்தப் பெயரால் சொல்கிறாரோ அதையே எழுது. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008இல் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பு எடுத்த படங்களின் பின்னால் நான் எழுதியிருந்த சொல்லைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. ஒற்றைக் கோட்டால் அடித்துத் திருத்தியிருக்கிறேன். முழுதாக மறைக்கவில்லை. நான் அன்று எப்படி நினைத்தேன் என்பதும் தெரியட்டும்.

4. திருவிழா முடிந்த பிறகும் அவர்கள் வீடுகளுக்குப் போ. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும், ரேஷன் கடை வரிசையும், தத்தெடுத்த மகளுக்கு பேன் பார்க்கும் அம்மாவும்தான் வாழ்க்கை.

5. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடு. பல ஆண்டு கழித்து அதே அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். தையல் மெஷின் முன் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப எடு" என்றார். அந்தப் படம் அவர் வீட்டுச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஒரு பிரதி நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.