ஒலிவ ஆலைக் கழிவு ஜலத்தைச் சவ்வினால் வடிகட்டும் முறை

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துனிசியா முதலிய தேசங்களில் ஒலிவ எண்ணெய் முக்கியமான விளைபொருளாகும். இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முடியுமுன் ஆலை வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஓராண்டின் கழிவு முழுவதும் இச்சில மாதங்களிலேயே வெளிப்படுகிறது. எண்ணெய், ஜலம், சக்கை என மூன்றாகப் பிரிக்கும் சுழல் இயந்திரங்களில், ஒரு டன் காய்க்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் கருநிற ஜலம் உண்டாகிறது.

இது காயின் சாறுதானே, இதனால் என்ன தீங்கு என்று எண்ணுதல் கூடாது. இதிலுள்ள அசுத்தம் ஊர்ச் சாக்கடை ஜலத்தைக் காட்டிலும் ஏறக்குறைய நூறு மடங்கு. ஆற்றில் விழுந்தால் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். மேலும், இதிலுள்ள பீனால் என்னும் பொருள்கள் கழிவை மட்கச் செய்யும் கிருமிகளைத் தடுப்பதுடன் விதைகளின் முளைப்பையும் கெடுக்கும். ஆகவேதான் இத்தாலியின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், இதனை நிலத்தில் பாய்ச்ச ஆண்டுக்கு ஹெக்டேருக்கு, பழைய செக்காலைகளின் ஜலமாயின் 50,000 லிட்டரும், தொடர் இயந்திர ஆலைகளின் ஜலமாயின் 80,000 லிட்டரும் என வரம்பு விதித்தது.

சவ்வு முறை படிப்படியாக நடைபெறுவது. முதலில் கழிவைத் தெளியவைத்து, மிதக்கும் எண்ணெயையும் மண்டியையும் நீக்க வேண்டும். அடுத்து, மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு, பின்னர் லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளைகளையுடைய சவ்வுகள் நுண்துகள்களையும் பசைப்பொருள்களையும் தடுக்கின்றன. கடைசியாக, மிகுந்த அழுத்தத்தில் இயங்கும் நெருக்கமான சவ்வுகள் நிறம், பீனால், சர்க்கரை, உப்பு ஆகியவற்றில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகின்றன. வெளிவரும் தெளிந்த ஜலத்தைச் சோதித்தறிந்த பின், ஆலையில் கழுவுவதற்கோ பாசனத்திற்கோ கொள்ளலாம்.

இம்முறையில் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. முதலாவது, முன்தெளிவு சரியாயிராவிடில் சவ்வின்மேல் பசை படிந்து ஜலம் இறங்குவது குறையும். அப்போது அழுத்தத்தைக் கூட்டினால் படிவு மேலும் இறுகும். கழிவைச் சவ்வின் மேற்பரப்பை ஒட்டி வேகமாக ஓடச்செய்வதும், குறித்த காலத்தில் சவ்வுக்கு ஏற்ற காரக் கரைசலால் கழுவுவதுமே தக்க பரிகாரம்.

இரண்டாவது, சவ்வு அசுத்தத்தை அழிப்பதில்லை. பிரித்து மட்டுமே வைக்கிறது. உதாரணமாக, 1,000 லிட்டரில் 800 லிட்டர் தெளிந்து வந்தால், எஞ்சிய 200 லிட்டரில் அசுத்தம் ஏறக்குறைய ஐந்து மடங்கு செறிந்து நிற்கும். அதை ஓடையில் விட்டால் செலவழித்த பணமும் உழைப்பும் வீண். அதைச் சக்கை, வைக்கோல் முதலியவற்றோடு சேர்த்து மட்க வைத்து எருவாக்கலாம். ஹைட்ராக்ஸிடைரசால் என்னும் விலைமதிப்புள்ள பீனாலை அதிலிருந்து பிரித்தெடுப்பதும் உண்டு.

ஜலச் செலவைச் சுருக்குவதற்காக ஸ்பெயின் ஆலைகள் 1990-களின் தொடக்கத்திலிருந்து எண்ணெய், ஈரச்சக்கை என இரண்டாக மட்டும் பிரிக்கும் இயந்திரங்களுக்கு மாறின. அங்கும் ஈரச்சக்கையை என் செய்வது என்னும் வினா எழுந்தது. ஆதலின் சவ்வு வாங்க விரும்பும் ஆலைக்காரர், தெளிந்த ஜலம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்குமுன், செறிந்த கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நலம்.